அட்டென்டன்ஸ் எடுக்கும்போது கேட்கும் சிரிப்பு

கேள்வி: வணக்கம் மேடம். நான் அரசு நிதியுதவி பெறும் ஒரு மேல்நிலைப் பள்ளியில் கணித ஆசிரியை. 8ஆம் வகுப்பு ‘பி’ பிரிவுக்கு வகுப்பாசிரியர். மொத்தம் 41 பிள்ளைகள். அதில் ஒரு பையனுக்குத் திக்குவாய். காலையில் பெயர் கூப்பிட்டால் “உள்ளேன் டீச்சர்” என்று முடிப்பதற்குள் “உ... உ... உ...” என்று நின்றுவிடுவான். பின் பெஞ்சில் நாலு பேர் அதை அப்படியே திருப்பிச் சொல்வார்கள், வகுப்பே சிரிக்கும். ஜூன் மாதம் முதல் தடவை நடந்தபோது எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது, மறைக்க விரும்பவில்லை. அப்புறம் அது வராந்தாவுக்குப் போனது, சைக்கிள் ஸ்டாண்டுக்குப் போனது, கடைசியில் அவன் பெயரே ‘உ-உ’ என்று ஆகிவிட்டது. டிபன் பாக்ஸை ஒளித்து வைப்பது, நோட்டைக் கிழிப்பது என்று வளர்ந்து, மூன்று வாரமாக அவன் பள்ளிக்கே வரவில்லை. காலாண்டுத் தேர்வும் எழுதவில்லை. அவன் அம்மா வந்து அழுதுவிட்டுப் போனார்.

தலைமை ஆசிரியர் ஒருநாள் விழிப்புணர்வு நிகழ்ச்சி வைக்கலாம் என்கிறார். போலீஸ் இன்ஸ்பெக்டர் பேசுவார், எல்லோரும் உறுதிமொழி எடுப்பார்கள், அந்த நாலு பேரும் இவனும் மேடையில் கைகுலுக்குவார்கள். அதற்கும் அடங்காவிட்டால் முக்கியமானவனுக்கு டி.சி. ஏற்பாடெல்லாம் என் பொறுப்பு. சக ஆசிரியர்களோ, “பசங்கன்னா அப்படித்தான் டீச்சர், நாமளும் இதையெல்லாம் தாண்டித்தானே வந்தோம்” என்கிறார்கள். பள்ளி அளவில் உண்மையாகவே பலன் தரும் திட்டம் ஏதாவது உண்டா? (ஒன்று சொல்ல மறந்துவிட்டேன். அவன் தெருவிலேயே இருக்கும் என் வகுப்புப் பையன் ஒருவன் தினமும் வீட்டுப்பாடத்தை எழுதிக் கொண்டுபோய் அவனுக்குக் கொடுக்கிறானாம். அம்மா சொன்னார்.)

— ஒரு வகுப்பாசிரியை, விருதுநகர் மாவட்டம்

பதில்:

அன்புள்ள டீச்சர்,

உங்கள் கடிதத்தில் நான் நின்று இரண்டு தடவை படித்தது, உங்களுக்கும் சிரிப்பு வந்துவிட்டது என்ற வரியைத்தான். அதை எழுதாமல் விட்டிருந்தால் எனக்குத் தெரிந்திருக்கப் போவதில்லை. எழுதியிருக்கிறீர்கள், அதனால் நானும் பூசி மெழுகாமல் பேசலாம் என்று நினைக்கிறேன்.

சிரித்தது பாவம் என்று சொல்ல வரவில்லை. எதிர்பாராத நேரத்தில் யாருக்கும் வரும். ஆனால் அன்றைக்குப் பின் பெஞ்ச் நாலு பேருக்கு ஒன்று புரிந்துபோனது: டீச்சருக்கும் இது சிரிப்பு வரும் விஷயம்தான். அதைவிடப் பெரிய விஷயம், மீதி 36 பேருக்கும் அதுவே புரிந்துபோனது. இந்தப் பதில் முழுக்க நான் பேசப்போவது அந்த 36 பேரைப் பற்றித்தான்.

அதற்கு முன்னால், நாளைக் காலையில் செய்ய வேண்டியது ஒன்று இருக்கிறது. பெயர் கூப்பிடுவதை நிறுத்திவிடுங்கள். திக்குவாய் உள்ள பிள்ளைக்கு, மாற்றிச் சொல்ல வழியில்லாத ஒரு சொல்லை, நாற்பது பேர் காத்திருக்க, குறித்த நொடியில் சொல்வதைப்போலக் கடினமானது வேறில்லை. எல்லோரோடும் சேர்ந்து செய்யுளைச் சத்தமாகப் படிக்கும்போது இதே பையன் தடங்கல் இல்லாமல் படிப்பதை நீங்கள் கவனித்திருக்கலாம். நாம் தினமும் காலையில் அவனை அந்தக் கடினமான இடத்தில்தான் நிறுத்தியிருக்கிறோம். பெஞ்ச் வாரியாகப் பார்த்து நீங்களே குறித்துக்கொள்ளுங்கள், ஒரு நிமிடம்கூட ஆகாது. ஆனால் வகுப்பு முழுவதற்கும் அப்படிச் செய்யுங்கள். “நீ மட்டும் கை தூக்கினால் போதும்” என்று அவனுக்குச் சலுகை கொடுத்தால் அதுவே அடுத்த பட்டப்பெயருக்கு வழியாகிவிடும். பேச்சுப் பயிற்சி தனிக் கதை. பெரிய அரசு மருத்துவமனையின் காது-மூக்கு-தொண்டைப் பிரிவில் விசாரித்தால் வழி காட்டுவார்கள் என்று அம்மாவிடம் சொல்லுங்கள். ஆனால் அவன் சரளமாகப் பேசினால்தான் பள்ளியில் நிம்மதியாக இருக்க முடியும் என்ற எண்ணம் யாருக்கும் வந்துவிடக் கூடாது. அவனுக்கு முக்கியமாக வரவே கூடாது.

சரி, நிகழ்ச்சிக்கு வருவோம்.

தலைமை ஆசிரியர் சொல்லும் நிகழ்ச்சியை நான் கேலி செய்யப் போவதில்லை. நானே ஆறேழு வருடம் இப்படி மேடை ஏறியவள்தான். பொன்னாடை, நினைவுப் பரிசு, பேனருக்கு முன்னால் போட்டோ எல்லாம் உண்டு. ஒரு பள்ளியில் முக்கால் மணி நேரம் உருக்கமாகப் பேசிவிட்டு, நல்ல கைதட்டல் வாங்கிக்கொண்டு, காரில் ஏறப் போனேன். ஒரு பையன் இன்னொருவனின் பின்மண்டையில் தட்டிக்கொண்டே, என் குரலிலேயே, “அவன் மனசு புண்படும் இல்லையா கண்ணா?” என்று கேட்டுக்கொண்டிருந்தான். நல்ல நடிகன். என்னுடைய முக்கால் மணி நேரம் அவனுக்குப் புதிதாக ஒரு வசனத்தைக் கொடுத்திருந்தது, அவ்வளவுதான். அன்றோடு மேடைப் பேச்சுக்கு ஒப்புக்கொள்வதைக் குறைத்துவிட்டேன்.

ஒருநாள் நிகழ்ச்சி ஏன் எடுபடுவதில்லை? கொடுமைப்படுத்துவது தப்பு என்று தெரியாமல் அந்த நாலு பேர் இதைச் செய்யவில்லை. நன்றாகத் தெரியும். இன்ஸ்பெக்டர் கேட்டால் உங்களைவிட அழகாகப் பதில் சொல்வார்கள். அவர்களுக்குத் தினமும் கிடைப்பது வகுப்பின் சிரிப்பு. அது கிடைக்கிறவரை நிறுத்த மாட்டார்கள்.

கனடாவின் டொராண்டோ நகரப் பள்ளிகளில் விளையாட்டு மைதானத்தைத் தூரத்திலிருந்து வீடியோ எடுத்து, பிள்ளைகளின் சட்டையில் சின்ன மைக் பொருத்திப் பார்த்தார்கள். 2001இல் வெளியான அந்த ஆய்வில், ஒரு பிள்ளையை மற்றவர்கள் சீண்டிய சம்பவங்களில் 88 சதவீதத்தில் பக்கத்தில் வேறு பிள்ளைகள் இருந்தார்கள். யாராவது குறுக்கே போனது 19 சதவீதத்தில் மட்டும். ஆனால் குறுக்கே போனபோது, பாதிக்கும் மேற்பட்ட தடவை பத்தே வினாடிக்குள் சீண்டல் நின்றுபோனது. பெரியவர்கள் யாரும் வரவில்லை, தண்டனை இல்லை, அறிவுரை இல்லை. “டேய், விடுடா” என்று ஒருவன் சொன்னால் போதும் என்கிற அளவுக்குத்தான் பல நேரம் இந்த விவகாரத்தின் பலம் இருக்கிறது.

இந்த இடத்தைப் பிடித்துக்கொண்டு வளர்ந்ததுதான் பின்லாந்தின் ‘கிவா’ திட்டம். துர்க்கு பல்கலைக்கழகத்தில் கிறிஸ்டினா சால்மிவல்லி என்ற உளவியலாளரின் குழு உருவாக்கி, 2009 முதல் அந்த நாட்டுப் பள்ளிகளுக்குப் பரவலாகக் கொண்டுபோனது. பின்னிஷ் மொழியில் ‘கொடுமைக்கு எதிராக’ என்ற தொடரின் சுருக்கம் அது, தற்செயலாக ‘கிவா’ என்றால் ‘ஜாலியான, நல்ல’ என்றும் பொருள். சால்மிவல்லி அதற்கு முன்பே ஒன்றைக் காட்டியிருந்தார். வகுப்பில் வதைப்பவன், வதைபடுபவன் என்று இரண்டே பேர் இல்லை. கூட இருந்து கையைப் பிடித்துக்கொடுப்பவன் ஒருவன், சிரித்து உசுப்பேற்றுபவன் ஒருவன், எனக்கென்ன என்று ஒதுங்குபவன் ஒருவன், பாதிக்கப்பட்டவன் பக்கம் போய் நிற்பவன் ஒருவன். உங்கள் வகுப்பில் உசுப்பேற்றுபவர்கள் பத்துப் பேர் இருப்பார்கள். ஒதுங்குபவர்கள் இருபதுக்கும் மேல். இந்த முப்பது பேரில் பெரும்பாலோருக்கு அந்தச் சிரிப்பு உள்ளுக்குள் பிடிக்கவும் பிடிக்காது. அடுத்தது நானாகிவிடுவேனோ என்ற பயத்தில் சிரிக்கிறார்கள்.

கிவாவில் வகுப்புப் பாடங்கள் உண்டு, கணினி விளையாட்டு உண்டு, இடைவேளையில் மேற்பார்வை பார்க்கும் ஆசிரியர்கள் தூரத்திலிருந்தே தெரிகிற பளிச்சென்ற சட்டை போட்டுக்கொள்வதும் உண்டு. எனக்குப் பிடித்தது வேறொன்று. ஒரு பிள்ளை பாதிக்கப்பட்டால், ஆசிரியர் வதைத்தவர்களிடம் தனித்தனியாகப் பேசுவதோடு நிற்பதில்லை. வகுப்பில் மதிப்புள்ள, நல்ல மனசுள்ள இரண்டு மூன்று பிள்ளைகளைத் தனியாக அழைத்து, அவனுக்கு நீங்கள் என்ன செய்ய முடியும் என்று கேட்கிறார். காவல் நிற்கச் சொல்வதில்லை, உளவு பார்க்கச் சொல்வதில்லை. சாப்பிடும்போது பக்கத்தில் உட்கார முடியுமா என்கிற அளவில்தான் பேச்சு.

ஒரு உண்மையையும் சேர்த்தே சொல்லிவிடுகிறேன், பின்னால் ஏமாற்றமாக இருக்கக் கூடாது. கிவாவுக்கு நல்ல பலன் கிடைத்தது சின்ன வகுப்புகளில்தான், அதிலும் 4ஆம் வகுப்பை ஒட்டி. உங்கள் 8ஆம் வகுப்பு வயதில் பலன் மெலிந்துவிடுகிறது. அந்த வயதில் டீச்சர் சொல்வதைவிடப் பின் பெஞ்ச் நினைப்பதற்கு மதிப்பு அதிகம், உங்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. உலகம் முழுக்க நடந்த சுமார் 100 மதிப்பீடுகளைத் திரட்டி 2019இல் வெளியான ஒரு தொகுப்பாய்வு, இத்தகைய திட்டங்களால் வதைப்பது சராசரியாக 19-20 சதவீதமும், வதைபடுவது 15-16 சதவீதமும் குறைவதாகச் சொல்கிறது. ‘கொடுமையே இல்லாத பள்ளி’ என்று பேனர் அடிக்க இது போதாது. ஆனால் ஆயிரம் பிள்ளைகள் படிக்கும் பள்ளியில் நூறு பேர் வதைபடுகிறார்கள் என்று வைத்துக்கொண்டால், அதில் பதினைந்து பேர் காலையில் வயிற்றுவலி என்று பொய் சொல்லாமல் பள்ளிக்கு வருவார்கள். எனக்கு அது சின்ன எண்ணாகப் படவில்லை.

இந்த வேலை எங்கே தொடங்கியது என்பது உங்கள் சக ஆசிரியர்களுக்கு உபயோகப்படும். 1982 கடைசியில் நார்வேயின் வடபகுதியில் பத்திலிருந்து பதினான்கு வயதுக்குள் இருந்த மூன்று சிறுவர்கள் தற்கொலை செய்துகொண்டார்கள். சக மாணவர்களின் கொடுமை காரணமாக இருக்கக்கூடும் என்று தெரிந்ததும் நாடே ஆடிப்போனது. மறு வருடமே கல்வித்துறை நாடு தழுவிய இயக்கத்தைத் தொடங்கியது. டான் ஓல்வேயுஸ் என்ற உளவியலாளர் பெர்கன் நகரில் 42 பள்ளிகளில் சுமார் 2,500 மாணவர்களை இரண்டரை வருடம் தொடர்ந்து பார்த்தார். கொடுமை ஏறத்தாழ பாதியாகக் குறைந்தது. வேறெந்த ஊரிலும் அந்த அளவு சுலபத்தில் திரும்பக் கிடைக்கவில்லை என்பது வேறு விஷயம். அவர் செய்தவற்றில் பிரமாதமாக ஒன்றும் இல்லை. பெயர் எழுதாத கேள்வித்தாள், இடைவேளையில் பெரியவர்கள் உண்மையாகவே சுற்றி வருவது, வகுப்பே உட்கார்ந்து நாலு விதிகள் எழுதுவது, வாரா வாரம் வகுப்புக் கூட்டம், பெற்றோரை அழைத்துப் பேசுவது. ‘நாமளும் தாண்டித்தானே வந்தோம்’ என்பவர்களிடம் கேளுங்கள்: நம்மோடு படித்து, பாதியில் நின்றவர்கள் யார் யார்? அவர்கள் இன்றைக்கு இந்த ஸ்டாஃப் ரூமில் உட்கார்ந்து இப்படிச் சொல்ல வரவில்லை.

ஓல்வேயுஸ் சொன்ன இன்னொன்றும் நினைவுக்கு வருகிறது. அடாவடி செய்பவன் உள்ளுக்குள் பயந்தவன், தாழ்வு மனப்பான்மை உள்ளவன் என்று நாம் சாதாரணமாகச் சொல்லிவிடுவோம். அவர் தேடிப் பார்த்தபோது பெரும்பாலும் அப்படி இல்லை. நல்ல தெம்பாகத்தான் இருந்தார்கள். அதனால் உங்கள் முக்கியமான பையனிடம் பேசும்போது அவன் சோகக் கதையைத் தோண்டிக்கொண்டிருக்காதீர்கள். இருந்தால் அதுவாக வெளியே வரும். தனியாகக் கூப்பிட்டு, கூட்டாளிகள் இல்லாமல், நடந்ததை ஒவ்வொன்றாகச் சொல்லுங்கள். “இது நிற்க வேண்டும், வெள்ளிக்கிழமை மறுபடி உன்னிடம் பேசுவேன்” என்று சொல்லிவிட்டு, வெள்ளிக்கிழமை நிஜமாகவே பேசுங்கள். நாலு பேரையும் அடுத்தடுத்து, ஒரே பீரியடில், ஒருவன் வெளியே போய் மற்றவனுக்குச் சொல்லிக்கொடுப்பதற்குள். அடிக்க வேண்டாம், முட்டிபோட வைக்க வேண்டாம். கல்வி உரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவு அதைத் தடை செய்கிறது என்பது ஒரு பக்கம். பலமுள்ளவன் பலமில்லாதவனை எல்லோர் முன்னாலும் அவமானப்படுத்தலாம் என்ற அதே பாடத்தைத்தான் நாம் அப்போது நடத்துகிறோம் என்பது இன்னொரு பக்கம். ஸ்டாஃப் ரூமிலும் இதைப் பேச வேண்டும். “மாடு மேய்க்கத்தான் லாயக்கு” என்று ஒரு ஆசிரியர் வைக்கும் பெயர்தான் பல பிள்ளைகளுக்கு வகுப்பு வைக்கும் பெயராகிறது.

நம் நாட்டில் இதெல்லாம் நடக்குமா என்று கேட்பார்கள். பீகார் மாநிலம் நாளந்தா மாவட்டத்தில் 74 அரசுப் பள்ளிகளில் 9ஆம் வகுப்புப் பிள்ளைகளை வைத்து ‘சேஹர்’ என்று ஒரு பரிசோதனை நடந்தது. முடிவுகள் 2018இல் லான்செட் மருத்துவ இதழில் வந்தன. சுவர்ப் பத்திரிகை, மனதில் பட்டதை எழுதிப் போட ஒரு பெட்டி, காலை வணக்கக் கூட்டத்தில் பேச்சு, போட்டிகள், மாணவர் குழு, தேவைப்பட்டவருக்குத் தனி ஆலோசனை என்று எல்லாமே நம் பள்ளிகளுக்குப் பழக்கமானவை. சில பள்ளிகளில் இதைச் செய்ய, பெரிய மனநலப் படிப்பு எதுவும் இல்லாத, ஆனால் பயிற்சி பெற்ற ஒருவரைத் தனியாக நியமித்தார்கள். சில பள்ளிகளில் அங்கிருந்த ஆசிரியர் ஒருவரிடமே கூடுதல் பொறுப்பாகக் கொடுத்தார்கள். தனி ஆள் இருந்த பள்ளிகளில் சூழல் நன்றாக மாறியது, சீண்டலும் வன்முறையும் குறைந்தன, மனச்சோர்வு அறிகுறிகளும் குறைந்தன. ஆசிரியரிடம் கொடுத்த பள்ளிகளில்? ஒன்றும் மாறவில்லை.

ஆசிரியர்களுக்கு அக்கறை இல்லை என்று இதைப் படிக்கக் கூடாது. எமிஸ் என்ற இணையதளத்தில் மாணவர் விவரப் பதிவு, தேர்வு வேலை, வராத ஆசிரியரின் வகுப்பு, எல்லாவற்றுக்கும் மேலாக இதுவும் என்றால் எது முதலில் கைவிடப்படும் என்று உங்களுக்கே தெரியும். எனவே தலைமை ஆசிரியர் இந்தப் பொறுப்பை உங்களிடம் கொடுக்கும்போது நீங்கள் ஒன்று கேட்க வேண்டும்: வாரத்துக்கு மூன்று பீரியட் எனக்குக் குறைத்துத் தருவீர்களா? தர முடியாது என்றால், பள்ளி மேலாண்மைக் குழு மூலமாகவோ முன்னாள் மாணவர்கள் மூலமாகவோ, ஊரில் சமூகப்பணி படித்த ஒருவரை இரண்டு நாளாவது வரவைக்க முடியுமா? இன்ஸ்பெக்டர் நிகழ்ச்சிக்கு ஷாமியானாவுக்கும் ஒலிபெருக்கிக்கும் ஆகும் செலவில் கொஞ்சம் ஓடும். பீரியட் கிடைக்காத திட்டம் எவ்வளவு அழகாக எழுதினாலும் ஃபைலில்தான் இருக்கும்.

நேரம் கிடைத்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். எங்கிருந்து ஆரம்பிப்பது? நான் ஒரு பள்ளியில் செய்ததைச் சொல்கிறேன். 6ஆம் வகுப்பிலிருந்து 9ஆம் வகுப்பு வரை எல்லோருக்கும் ஆளுக்கு ஒரு தாள் கொடுத்தோம். பெயர் எழுத வேண்டாம். எழுதிப் பதில் சொல்லும் கேள்விகளை முதலில் வைத்திருந்தேன், அது தப்பாகப் போனது. ஒரு பிள்ளை அதிக நேரம் எழுதினால் பேனா நகர்வதைப் பார்த்தே பக்கத்து பெஞ்ச் கண்டுபிடித்துவிடுகிறது. அடுத்த வகுப்பில் எல்லாவற்றையும் டிக் அடிக்கும் கேள்விகளாக மாற்றினேன். போன ஒரு மாதத்தில் எத்தனை தடவை, என்ன விதமாக, பக்கத்தில் யாராவது இருந்தார்களா, பெரியவர் யாரிடமாவது சொன்னாயா, சொன்ன பிறகு நிலைமை சரியானதா, அப்படியேதான் இருந்ததா, மோசமானதா. கடைசிக் கேள்வியின் பதில்களை ஸ்டாஃப் ரூமில் படித்துக் காட்டியபோது ரொம்ப நேரம் யாரும் பேசவில்லை.

பிறகு பள்ளியின் வரைபடத்தைச் சார்ட்டில் பெரிதாக வரைந்து, ஆளுக்கு மூன்று சிவப்பு ஸ்டிக்கர் பொட்டு கொடுத்து, ‘இங்கே போகவே பிடிக்கவில்லை’ என்கிற இடத்தில் ஒட்டச் சொன்னோம். ஒருவர் ஒட்டுவது இன்னொருவருக்குத் தெரியாதபடி லேபின் உள்ளே ஒவ்வொருவராக அனுப்பினோம். கழிப்பறைப் பக்கம்தான் சிவப்பாகும் என்று நான் எதிர்பார்த்தேன். அங்கேயும் இருந்தது. ஆனால் பொட்டுகள் ஒன்றன்மேல் ஒன்றாகக் குவிந்தது சாப்பாட்டுக்குப் பிறகு கை கழுவும் குழாய்களின் பக்கம். போய்ப் பார்த்தால் பன்னிரண்டு குழாயில் மூன்றில்தான் தண்ணீர் வருகிறது. நானூறு பிள்ளைகள், இருபது நிமிடம், மூன்று குழாய். பெரிய பையன்கள் வரிசையில் புகுவார்கள், சின்னவர்களின் தட்டில் தண்ணீர் தெளிப்பார்கள், டிபன் பாக்ஸ் பறக்கும். மேற்பார்வை ஆசிரியர்களெல்லாம் அந்த நேரத்தில் சாப்பிட உட்கார்ந்திருப்பார்கள், அவர்களுக்கும் பசிக்கும்தானே. பிளம்பரை வரவைத்தோம், சாப்பாட்டு நேரத்தை இரண்டாகப் பிரித்தோம், முறை வைத்து ஒரு ஆசிரியர் அங்கே நின்றார். அந்தப் பருவத்தில் அந்தப் பள்ளிக்கு என்னைவிட அதிகம் உதவியவர் பிளம்பர்தான்.

வகுப்புக் கூட்டத்தைப் பற்றி. வாரம் ஒரு பீரியட், வட்டமாக உட்கார வைத்தால் போதும். இந்தப் பையன் பெயரை எடுக்கவே கூடாது. பேச வேண்டியது அந்த 36 பேரின் சிக்கலை. பிள்ளைகள் வாயைத் திறக்காததற்குக் காரணம் ஒரே ஒரு பட்டம்: ‘போட்டுக்கொடுக்கிறவன்’. அதை நேராகவே எடுத்து வையுங்கள். ஒருவனை மாட்டிவிடுவதற்காகச் சொல்வதும், ஒருவனை அதிலிருந்து வெளியே எடுப்பதற்காகச் சொல்வதும் ஒன்றுதானா என்று கேட்டுவிட்டு நீங்கள் சும்மா இருங்கள். அவர்களே அடித்துக்கொண்டு பேசுவார்கள். குறுக்கே போய் “விடுடா” என்று சொல்லத் தைரியம் இல்லாதவன் என்ன செய்யலாம்? சிரிக்காமல் இருக்கலாம். முடிந்ததும் அவனோடு நடந்து போகலாம். ‘வாடா, பி.டி. சார் கூப்பிடறார்’ என்று பொய் சொல்லி அவனை அங்கிருந்து இழுத்துக்கொண்டு வரலாம். இந்தக் கடைசி யோசனை ஒரு 7ஆம் வகுப்புப் பெண் சொன்னது. இதைவிட நல்ல யோசனை எனக்கு இன்றுவரை தோன்றவில்லை.

அரசுப் பள்ளிகளில் ‘மாணவர் மனசு’ என்று புகார்ப் பெட்டி வைத்திருக்கிறார்கள். உங்கள் பள்ளியிலும் பெட்டி இருக்கலாம். அது தலைமை ஆசிரியர் அறை வாசலில் இருந்தால் எடுத்து நூலகத்துக்குள் வையுங்கள். பத்துப் பேர் பார்க்க யாரும் சீட்டுப் போட மாட்டார்கள். போட்ட சீட்டுக்கு ஒரு வாரத்துக்குள் ஏதாவது நடக்கவில்லை என்றால் அடுத்த சீட்டு வராது. குழந்தைகள் உதவி எண் 1098, பள்ளிக் கல்வித் துறையின் உதவி எண் 14417 இரண்டையும் அதன் மேலேயே எழுதி ஒட்டுங்கள்.

இனி, செய்யக் கூடாதவை. மேடையில் கைகுலுக்க வைக்கவே வேண்டாம். இரண்டு பேருக்குள் சண்டை என்றால் சமாதானம் பேசலாம். இங்கே நடந்தது சண்டை இல்லை, ஒருவன் மீது நாலு பேர் பல மாதமாகச் செய்தது. எல்லோர் முன்னிலையிலும் அவர்களின் கையை அவன் பிடிக்க வேண்டும் என்றால், அவனைத்தான் மறுபடி மேடையேற்றுகிறோம். அதுவும் மைக்கை நீட்டி ‘ரெண்டு வார்த்தை பேசுப்பா’ என்று யாராவது சொல்லிவிட்டால்! மாணவர்களையே மத்தியஸ்தம் பேச விடுவதையும் தவிருங்கள். சக மாணவர்களை முறைப்படி நடுவர்களாக்கிய திட்டங்களில் பாதிப்பு கூடியதாகவே 2011இல் வந்த ஒரு பெரிய தொகுப்பாய்வு கண்டது. பிறகு வந்த கணக்குகள் இதைச் சற்றுத் தளர்த்திச் சொன்னாலும் 8ஆம் வகுப்பில் நான் அந்தத் துணிச்சலுக்குப் போக மாட்டேன். டி.சி. கொடுத்தால் உங்கள் பள்ளிக்குச் சிக்கல் தீர்ந்த மாதிரி இருக்கும். பக்கத்து ஊர்ப் பள்ளியில் ஒரு திக்குவாய்ப் பையன் இருந்தால் அவனுக்கு ஆரம்பிக்கும்.

இன்னொன்றைக் கேட்காமல் விடக் கூடாது. நீங்கள் எழுதவில்லை, நானும் ஊகிக்கவில்லை. ஆனால் அந்த நாலு பேருக்கும் இவனுக்கும் நடுவில் சாதி இருக்கிறதா என்று நீங்கள் உங்களுக்குள் பார்த்துக்கொள்ளுங்கள். 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் நடந்ததை நாம் யாரும் மறந்திருக்க முடியாது. சக மாணவர்களின் தொல்லையால் பள்ளிக்குப் போவதை நிறுத்திய பிளஸ் டூ மாணவன், பள்ளி காரணம் கேட்டதும் எழுத்தில் புகார் கொடுத்தான். இரவில் வீடு தேடி வந்து அவனையும் தடுக்க வந்த தங்கையையும் அரிவாளால் வெட்டினார்கள். அதன் பிறகு அரசு அமைத்த ஓய்வுபெற்ற நீதிபதி சந்துரு குழு 2024 ஜூனில் அறிக்கை கொடுத்தது. கையில் கட்டும் சாதிக் கயிறு முதல் பெரிய பள்ளிகளுக்கு நல அலுவலர் நியமிப்பது வரை அதில் பேசப்பட்டிருக்கிறது. புகாரை வாங்குவதோடு பள்ளியின் வேலை முடிவதில்லை. புகார் கொடுத்த பிள்ளை அன்று சாயங்காலம் எந்த வழியாக, யாரோடு வீட்டுக்குப் போகிறான் என்பதுதான் அன்றைய முதல் கேள்வி. சாதி வாடை இருந்தால் இது வகுப்புக் கூட்டத்தில் தீர்க்கும் விஷயமில்லை. தலைமை ஆசிரியர் வழியாகக் குழந்தைகள் பாதுகாப்பு அலகுக்கும், தேவைப்பட்டால் காவல் நிலையத்துக்கும் உடனே போக வேண்டும். இன்ஸ்பெக்டரை அப்போது அழையுங்கள்.

தலைமை ஆசிரியரிடம் ஒன்றை முன்கூட்டியே சொல்லி வைப்பது நல்லது. நீங்கள் வேலையை ஆரம்பித்த முதல் இரண்டு மூன்று மாதத்தில் புகார்கள் கூடும். ‘இந்த டீச்சர் கிளப்பிவிட்டதுதான்’ என்று பேச்சு வரும். இதுவரை சொல்லாதவர்கள் சொல்லத் தொடங்கியிருக்கிறார்கள் என்றுதான் அதற்கு அர்த்தம். அதே டிக் தாளை முழுஆண்டுத் தேர்வுக்கு முன்னால் இன்னொரு தடவை கொடுத்துப் பாருங்கள். அப்போதுதான் எது கூடியது, எது குறைந்தது என்று தெரியும்.

பையன் திரும்பி வரும் நாளைப் பற்றி அவனையே கேளுங்கள். வீட்டுக்குப் போங்கள், அவன் பேசி முடிக்கும்வரை காத்திருங்கள், வாக்கியத்தை நீங்கள் முடித்துக் கொடுக்காதீர்கள். எந்த பெஞ்சில் உட்கார வேண்டும், காலையில் எப்போது வந்தால் சௌகரியம், வகுப்பில் ஏதாவது சொல்ல வேண்டுமா, ஒன்றுமே சொல்லாமல் இருப்பது நல்லதா, எல்லாம் அவன் முடிவு. ஜூன் மாதம் சிரித்ததை அவனிடம் சொல்லி மன்னிப்புக் கேட்கலாமா என்று உங்களுக்குத் தோன்றினால், கேளுங்கள். தனியாக, சுருக்கமாக. வகுப்பு முன்னால் வேண்டாம்.

கடைசியாக, அடைப்புக்குறிக்குள் போட்டு, மறந்துவிட்டேன் என்று நீங்கள் எழுதிய அந்த இன்னொரு பையன். யாரும் சொல்லாமல், தினமும் வீட்டுப்பாடத்தை எழுதிக் கொண்டுபோய்க் கொடுக்கிறவன். பின்லாந்தில் ஆசிரியர் தேடிப் பிடிக்கிற அந்த இரண்டு மூன்று பேரில் ஒருவன் உங்களுக்குத் தானாகவே கிடைத்திருக்கிறான். அவனிடம்தான் நீங்கள் முதலில் பேச வேண்டும். ஆனால் ஸ்டாஃப் ரூமுக்குக் கூப்பிடாதீர்கள். ஸ்டாஃப் ரூமுக்குப் போய்விட்டு வந்தவனை வகுப்பு எப்படிப் பார்க்கும் என்று உங்களுக்குத் தெரியும். நோட்டுகளைத் தூக்கிக்கொண்டு கூட வரச் சொல்லுங்கள், நடந்துகொண்டே கேளுங்கள்: “அவன் திரும்பி வந்தா, பக்கத்துல யார் உட்காரலாம்னு நினைக்கிற?”